முன்னாள் படைவீரர்களின் ஊன ஓய்வூதியக் கோரிக்கைகள் தேங்கிக் கிடப்பது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
கீழே கையொப்பமிட்டுள்ள முன்னாள் படைவீரர்கள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: ஊன ஓய்வூதிய விண்ணப்பங்களுக்கும் மேல்முறையீடுகளுக்கும் பதில் கிடைக்க ஆவன செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊன ஓய்வூதியத்தை முடிவு செய்வது மத்திய பாதுகாப்பு அமைச்சகம் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தங்களிடம் வருகிறோம். ஒரு தனி ஆள் போடும் கடிதத்துக்கு டெல்லியிலிருந்து பதில் வருவதில்லை. மாவட்ட ஆட்சியர் எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் மாவட்டம் இது. இங்கே வீட்டுக்கு வீடு ஒருவர் எல்லையில் நின்ற ஊர்கள் உண்டு.

ராணுவப் பணியால் ஏற்பட்ட, அல்லது பணியால் மோசமான உடல் குறைபாடு 20 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ஊன ஓய்வூதியம் உண்டு. சிக்கல் சதவீதத்தில் வருவதில்லை. பணிக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்ற இடத்தில்தான் வருகிறது.

எங்களில் ஒருவர் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது அரைகுறை. படையில் சேர்ந்தபோது இரண்டு காதும் நன்றாக இருந்தன என்பது சேர்க்கை மருத்துவச் சான்றிலேயே இருக்கிறது. வெளியே வரும்போது ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு 20 சதவீதம் என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் ‘பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. பீரங்கிப் பக்கத்தில் ஆயுளைக் கழித்தவருக்கு இது! முதல் மேல்முறையீடு போட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. போன் போட்டு விசாரிக்கலாம் என்றால் அவருக்குக் கேட்காது; கல்லூரியில் படிக்கும் மகள்தான் பேசுகிறாள். படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கேட்டால் பென்ஷன் அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே கேட்டால் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து கோப்பே வரவில்லை என்கிறார்கள்.

சட்டம் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் தரம்வீர் சிங், வலிப்பு நோயைக் காரணம் காட்டி 1994-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவர் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். அந்தச் சிப்பாய்க்கு நீதி கிடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அடுத்த ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பு வந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டு என்றது. அதன்படி 20 சதவீதம் என்பது 50 ஆகிவிடும். முழு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்ற கணக்கில் பார்த்தால், ஒருவருக்குக் கடைசி ஊதியத்தில் 15 சதவீதம் மாதாமாதம் சேர வேண்டும். ஒரு ஜவான் குடும்பத்தில் அது மளிகைச் செலவு, மருந்துச் செலவு.

தீர்ப்பு வந்துவிட்டது, சரி. ஆனால் அதே விஷயத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படி ஏற வேண்டியிருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், தாமதமாக வழக்குப் போட்டவருக்கு நிலுவைத் தொகையைப் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டுக்கு மட்டுமே தருகிறார்கள். மேல்முறையீட்டுக்குப் பதில் வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்தான் நஷ்டப்படுகிறார். தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் அரசுத் தரப்பு மேலே போகிறது. வீண் வழக்குகளைக் குறைக்க வழி சொல்லத்தான் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2015-இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். அதற்குப் பிறகும் எங்கள் வயதுக்காரர்கள் வக்கீல் பீஸுக்கு நகையை அடகு வைக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 21 முதல் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதற்கு முன்பே ஓய்வு பெற்ற எங்களுக்குப் பழைய விதிகள்தான் பொருந்தும். அந்தக் கோப்புகள் புதியவற்றுக்கு அடியில் புதைந்துவிடக் கூடாது என்பது எங்கள் பெரிய கவலை.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். நம் மாவட்டத்தில் நிலுவையில் உள்ள ஊன ஓய்வூதியக் கோரிக்கைகள், மேல்முறையீடுகள் அத்தனையையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். யார், எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பது அதில் வர வேண்டும். அந்தப் பட்டியலோடு மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறைச் செயலருக்குத் தாங்களே ஒரு நேர்முகக் கடிதம் எழுத வேண்டும். வரும் பதிலை முன்னாள் படைவீரர் குறைதீர் நாளில் எங்கள் முன்னால் படிக்கச் சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால்கூடக் காரணத்தோடு எழுத்தில் மறுக்கட்டும். அதை வைத்து நாங்கள் அடுத்த வழியைப் பார்த்துக்கொள்வோம். பதிலே இல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம், ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், போன் நம்பர் பழையதாக இருந்தாலும் அதைத் திருத்துவதற்கே படாதபாடு. வாரம் ஒரு நாளாவது விவரம் தெரிந்த ஒருவர் குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் உட்கார ஏற்பாடு செய்தால், நடக்க முடியாதவர்களும் வீரர்களின் விதவைகளும் வேலூர் வரை அலைய வேண்டியதில்லை. தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைக்கவும் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

எங்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே இது முடிய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு அறிக்கை, மேல்முறையீட்டு ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர்கள்