டி.சி. கொடுப்பதற்கு முன் அந்தப் படிவத்தைக் கொடுங்கள்

பெங்களூருவின் தனியார் பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அல்சூரில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். என்னிடம் படிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்து தசரா விடுமுறை வருவதற்குள் அவர்களில் யாராவது ஒருவருடைய பெற்றோரை நீங்கள் கூப்பிட்டு அனுப்புகிறீர்கள். டைரியில் முதலில் ‘இடத்தில் உட்கார்வதில்லை’ என்று வரும். பிறகு ‘எதிர்த்துப் பேசுகிறான்’. அதன் பிறகு எழுத்தில் எதுவும் இருக்காது. வேறு பள்ளி பார்க்கும்படி வாயால் சொல்வீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்க்கும் மனநல மருத்துவர், வகுப்பில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டு ஆசிரியருக்கென்று ஒரு படிவம் தந்தால், அதை நிரப்பிக் கொடுங்கள்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாட்டை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். ஒன்று வீடு. மற்றொன்று நீங்கள். உங்கள் படிவம் வராவிட்டால் மருத்துவர் கையில் பாதிப் பிள்ளைதான் இருக்கிறது.

நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனைத் தையல் வேலை செய்யும் அவன் அம்மா, கூலியை இழந்து நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கொடுத்த படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கிடந்தது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எழுதித் தர முடியாது என்றார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், அது ஒரு பள்ளியின் பழக்கமும் அல்ல. ஆனால் அதே வாரம் அவனை மூன்று நாள் வீட்டில் நிறுத்திவைக்க மட்டும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

எதிர்த்துப் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளில் பலருக்கு, பெரியவர்களோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கும் ஓ.டி.டி. (ODD) என்ற நடத்தைக் கோளாறும் சேர்ந்தே இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை. ‘வளர்ப்பு சரியில்லை’ என்று தீர்ப்பெழுதுவது உங்கள் வேலையல்ல. வீட்டுப் பாட்டி, ‘இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்’ என்று விளையாட்டாகச் சொல்வார். கவனக்குறைபாடு பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. உங்கள் ஆலோசனைக் கூட்டங்களைவிடப் பாட்டி உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இதே குறைபாடு உள்ள அமைதியான பெண் பிள்ளைகளை நீங்கள் கூப்பிடுவதே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘தமிழ் வீட்டுப் பெண், ஆங்கிலம் புரியவில்லை, போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடுகிறீர்கள். அம்மா தமிழில் சொன்ன வேலையையும் பாதியில் மறந்து சமையலறையில் நிற்பவளுக்கு ஆங்கிலமா இடைஞ்சல்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. அதனால்தான் ‘பெற்றோரே டி.சி. கேட்டார்கள்’ என்று உங்கள் பதிவேடு சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை என்பீர்கள், உண்மைதான். சிறுபான்மைப் பள்ளிகள், கல்வி உரிமைச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்ற 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி விலகிக்கொள்ளலாம். ஒரு தாளை நிரப்புவதற்குச் சட்டம் எதற்கு?

வகுப்பாசிரியர்களின் பாடு எனக்குத் தெரியும். உலக ஆய்வுகளின்படி 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. 40 பேர் வகுப்பென்றால் இரண்டு பேர். அவர்களை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவரிடம் கூடுதல் வேலை வாங்கச் சொல்லவில்லை. நோயின் பெயரை எழுதச் சொல்லி அந்தப் படிவம் கேட்பதில்லை. ‘ஒருபோதும் இல்லை’, ‘எப்போதாவது’, ‘அடிக்கடி’, ‘மிக அடிக்கடி’ என்பவற்றில் ஒன்றைக் குறித்தால் போதும். அதை ஒரு வாரத்துக்குள் உறையிலிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த படிவங்களில் பள்ளி முத்திரைக்கு இடமே இல்லை. ஆசிரியரின் பெயரும் தேதியும்தான் கேட்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
அல்சூர் டியூஷன் ஆசிரியை ஒருவர்