சுவரில் ஒட்டிய தாள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது "அந்த ஃபைல் எங்கே இருக்கு?" என்று வந்து நிற்கிறார்கள். உன்னையும் கம்பெனி ஆவணங்களை ஒழுங்காக வைத்திருக்கும் இதே வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி என் நோட்டைத் தேடி வந்த ஆளாயிற்றே நீ!

எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு அதை விடு. முதல் வருஷம் நானும் அதில்தான் விழுந்தேன். எல்லோரும் கோப்புகளைப் போட்டுவைக்கும் ஷேர்டு டிரைவில் இருந்த குப்பையை அப்படியே அள்ளிப் புது மென்பொருளுக்குள் கொட்டினோம். குப்பை சீக்கிரமாகத் தேடக் கிடைத்தது, அவ்வளவுதான்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு தாளால். இயந்திரம் ஒன்றைச் சுத்தம் செய்யும் முறையை மாற்றியிருந்தோம். புது வெர்ஷன், ஒப்புதல், தேதி எல்லாம் கணினியில் கச்சிதம். ஆனால் பழைய பிரிண்ட் அவுட் ஒன்று இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியபடியே இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். ரெண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தோம். அவர்கள் மேல் என்ன தப்பு? கண்ணெதிரே இருப்பதைத்தானே படிப்பார்கள். புதியதைக் கொடுக்கும் கையாலேயே பழையதைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை.

இப்போது சுவரில் ஒட்டும் பிரதிகளுக்கு எண் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எடுக்கும் பிரிண்டின் அடியில் 'அச்சிட்ட நாளுக்கு மட்டும்' என்று தானாகவே விழும்.

இன்னொன்று. காலிப் படிவமும் நிரப்பிய படிவமும் ஒன்றல்ல. காலிப் படிவத்தை நாளைக்கே திருத்தலாம். நிரப்பியது நடந்ததற்குச் சாட்சி, அதில் கை வைக்கக் கூடாது. தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2015 பதிப்பு ரெண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டது. ஆனாலும் முதல் வகையைப் 'பராமரி' என்றும் இரண்டாவதைப் 'பாதுகாத்து வை' என்றும்தான் சொல்கிறது. உன் ஆட்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர் வைக்கும் விஷயத்தில் பிடிவாதமாக இரு. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று நீயும் பார்த்திருப்பாய். அந்தச் சொல்லையே தடை செய். தேதியை ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலை சொல்கிறபடி வருஷம், மாதம், நாள் என்று போடு: 2024-03-05. பெயர்வரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். 05-03 என்று மட்டும் எழுதினால் மார்ச் ஐந்தா, மே மூன்றா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தோண்டவும் விடாதே. விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழு முகவரி 260 எழுத்துக்குப் பக்கம் போனால் பல மென்பொருள்கள் கோப்பைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

மெயிலில் கோப்பை இணைக்காமல் லிங்க் அனுப்பச் சொல். ஆறு பேருக்கு இணைத்து அனுப்பினால் ஆறு பிரதி, ஆறிலும் ஆளுக்கொரு திருத்தம். எங்கள் பெரியவருக்கு மட்டும் நானே இணைத்துத்தான் அனுப்புகிறேன். சில போர்களில் தோற்பது உடம்புக்கு நல்லது.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் பொறுப்பாக ஒரு ஆளைப் போடு, துறையின் பெயரைப் போடாதே. துறையிடம் கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில், சாவியைத் திரும்ப வாங்குகிற மாதிரி இந்தப் பொறுப்பையும் கேட்டு வாங்கி இன்னொருவரிடம் கொடு.

எதையும் அவசரப்பட்டு அழிக்காதே. எதை எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்று கணக்குப் பிரிவிலும் வக்கீலிடமும் எழுத்தில் வாங்கிக்கொள். வழக்கு நடக்கிற விஷயம் என்றால், கெடு முடிந்திருந்தாலும் தொடாதே.

முதல் வாரம் கணினியைத் திறக்காமல் சுவர்களையும் மேஜை இழுப்பறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வா. எத்தனை பழைய தாள் அகப்பட்டது என்று எழுது. என் கணக்கு முப்பத்தேழு.

அன்புடன்,
உன் பழைய நோட்டுக்காரன்