பாப்பா, அந்த நோட்டை எடைக்குப் போட்டுடாத

பாப்பா,

நேத்து நீ அழுதுகிட்டே போனை வச்சதுல எனக்குத் தூக்கமே வரல. போன்ல சொன்னா பாதியிலயே வெட்டிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

அந்தப் பொம்பளை கேஸ்ல "கோர்ட்டுல ஒரு சொட்டுக் கண்ணீர் வரல"ன்னு உன் பேப்பர்ல செய்தி எழுதிட்டு, அப்புறமா அவ வீட்டைப் போய்ப் பாத்துட்டு வந்து மனசு ஆறலைங்கிற, வேலையை விடப்போறேன், நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போடப்போறேங்கிற. வேலையை விடு, உன் இஷ்டம். நோட்டைப் போடாத.

நான் காலேஜ்ல பாடம் எடுத்தப்ப சூசன் கிளாஸ்பெல்னு ஒருத்தியைப் பத்தி வீட்ல பொலம்பிட்டே இருப்பேனே, ஞாபகம் இருக்கா? அமெரிக்காவுல அயோவா மாநிலத்துக்காரி. 1899ல டிகிரி முடிச்ச கையோட டெமாய்ன்ல ஒரு பேப்பர்ல ரிப்போர்ட்டர். 1900 டிசம்பர்ல ஜான் ஹோசாக்னு ஒரு விவசாயி, படுக்கையிலேயே கோடாலியால வெட்டுப்பட்டு செத்தான். பக்கத்துல படுத்திருந்த பொண்டாட்டி மார்கரெட், தூங்கிட்டேன் யாருன்னு தெரியாதுன்னா. அவளைத்தான் புடிச்சாங்க. சூசன் வரிசையா செய்தி எழுதித் தள்ளுறா, முதல்ல எழுதினதுல அந்தம்மாவைக் கல்நெஞ்சுக்காரி மாதிரிதான் காட்டுறா, உன்னை மாதிரியேதான். அப்புறம் அந்தப் பண்ணை வீட்டுக்கு ஒரு தடவை போய்ட்டு வர்றா, எழுத்துல தொனியே மாறிடுது. ஜூரியில அத்தனை பேரும் ஆம்பளை, அப்ப பொம்பளைங்க ஜூரியில உக்கார முடியாது. 1901ல ஆயுள் தண்டனை. பின்னாடி மேல்கோர்ட்டு அதை ரத்து பண்ணுச்சு, மறு விசாரணையில ஜூரி ஒத்துப்போகல, அவளை விட்டுட்டாங்க. சூசன் அதுக்குள்ள வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிட்டா, கதை நாவல்னு எழுத.

பதினஞ்சு வருஷம்டி. 1916ல கடலோர ஊரு ப்ராவின்ஸ்டவுன்ல, ஃப்ரெண்ட்ஸெல்லாம் சேந்து ஒரு பழைய படகுத்துறைக் கொட்டகையில நாடகம் போடுறாங்க. புருஷன் இவளைக் கேக்காமலே அடுத்தது சூசன் நாடகம்னு அறிவிச்சுட்டாரு (எந்த ஊர்னாலும் இவங்க இப்படித்தான்). இவ போய் காலி மேடையைப் பாத்துகிட்டே உக்காந்திருக்கா, மேடை ஒரு அடுப்படியா மாறுது, அந்தப் பண்ணை வீட்டு அடுப்படி! பத்து நாள்ல 'ட்ரைஃபிள்ஸ்' ரெடி, அதுல இவளே நடிக்கவும் செஞ்சா. கொலைகாரின்னு புடிச்ச பொம்பளை மேடைக்கே வரமாட்டா. ஆம்பளைங்க மாடியில துப்பு தேடுறாங்க, கீழ ரெண்டு பொம்பளைங்க பாதி தொடைச்ச மேஜையையும் திடீர்னு கோணிப்போன தையலையும் பாத்துட்டு, தையல் பொட்டியில கழுத்து முறிச்ச பாட்டுக்குருவியைக் கண்டுபுடிக்கிறாங்க. அவ ஏன் கொன்னிருப்பாங்கிறதுக்கு அதுதான் துப்பு. கண்டுபுடிச்சு ஒளிச்சும் வச்சுடறாங்க.

உன்கிட்ட சொல்லாத ஒண்ணு சொல்றேன். உங்க பெரியத்தை ராத்திரியோட ராத்திரியா வீட்டை விட்டுப் போனப்ப நானும் ஆச்சியும்தான் முதல்ல அங்க போனோம். ஆட்டுக்கல்லுல பாதி அரைச்ச மாவு அப்படியே கிடக்கு, புளிச்சு வழிஞ்சு காஞ்சு போயி. கல்லைக் கழுவாம படுக்கவே மாட்டா அவ. முன்னாடி திண்ணையில ஆம்பளைங்க அவ திமிரைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. ஆச்சி குழவியைப் பாத்தா, என்னைப் பாத்தா. அதுல ஒட்டியிருந்த முடியை எடுத்து முந்தானையில முடிஞ்சுகிட்டு, கல்லைத் தேச்சுக் கழுவிட்டா. நாங்க ரெண்டு பேரும் இன்னி வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்கல. அந்தத் தப்பைத்தான் வகுப்புல அந்த நாடகம் எடுக்கும்போதெல்லாம் நெனைச்சுப்பேன்.

சூசனுக்கு 1931ல புலிட்சர் பரிசு கிடைச்சது வேற நாடகத்துக்கு, 'அலிசன்ஸ் ஹவுஸ்'. அதை இப்ப யாரு போடுறா. 1948ல செத்ததும் அவளையே மறந்துட்டாங்க, எழுபதுகள்ல பெண்ணியம் பேசினவங்கதான் திரும்பத் தேடி எடுத்தாங்க, எடுத்ததும் இந்தக் குட்டி நாடகத்தைத்தான்.

நீ அந்த வீட்ல என்ன பாத்தன்னு நான் கேக்கல. பாத்ததை மட்டும் இன்னிக்கே எழுதி வை, அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சுங்கிறது உட்பட. எல்லா நோட்டையும் ஒரு அட்டைப்பொட்டியில கட்டிக் கொரியர்ல போடு, பரண்ல கரையான் வராத மூலை ஒண்ணு இருக்கு. காசு இங்க நான் கட்டிக்கிறேன்.

அம்மா