அது சிப்மங்க் இல்லை, ஸ்குவின்னி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'அமெரிக்காவின் சிப்மங்க்' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். புல்தரையில் பின்னங்காலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறதே, அது சிப்மங்க் இல்லை. சிப்மங்கும் கோடு போட்ட ஒரு சின்ன அணில் வகைதான், ஆனால் அதற்குக் கோடு முகத்திலும் ஓடும். கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளையாகத் தெரியும். உங்கள் படத்தில் இருப்பதற்கு முகத்தில் கோடே கிடையாது, எல்லாம் முதுகில்தான். கரும்பழுப்பும் வெளிறிய மஞ்சளுமாக மாறி மாறிப் பதின்மூன்று. கரும்பழுப்புக் கோடுகளுக்கு நடுவே தையல் போட்ட மாதிரி வெளிர்ப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நம் ஊர் அணிலுக்கு மூன்று கோடு ராமர் போட்டது, இதற்குப் பதின்மூன்றும் யார் போட்டது என்று என் பேத்தி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

புத்தகத்தில் இதன் பெயர் பதின்மூன்று கோட்டுத் தரை அணில். 1821இல் சாமுவேல் மிட்சில் அறிவியல் பெயர் வைத்தபோதே கோட்டின் எண்ணிக்கையையும் சேர்த்துவிட்டார். ஆனால் நான் இருக்கும் அயோவா மாநிலத்தில், டெ மொய்ன் நகரைச் சுற்றியுள்ள பக்கங்களில், ஜனங்கள் சொல்வது ஸ்குவின்னி. நான் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து மைதானத்துக்கு ஓடிய கொஞ்ச நேரத்தில் "ஸ்குவின்னி, ஸ்குவின்னி" என்று ஒரே கூச்சலாக இருக்கும். எட்டிப் பார்த்தால் நாலைந்து பேர் ஒரு பொந்தைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். பயந்து உள்ளே போன பிராணிக்கு உள்ளேயும் இருப்புக்கொள்ளாது. தலையை மட்டும் வெளியே நீட்டி, டிர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மறுபடி மறைந்துவிடும்.

இதே பெயரை மினசோட்டாவில் வளர்ந்த எங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னால் அந்த அம்மா விழிக்கிறார். அவருக்கு அது கோஃபர். பக்கத்து மாநிலம்தான், பெயர் எல்லை தாண்டவில்லை. மினசோட்டாவுக்கே 'கோஃபர் மாநிலம்' என்று பட்டப்பெயர் உண்டு. 1850களின் கடைசியில், ரயில் கம்பெனிகளுக்கு 50 லட்சம் டாலர் கடன் கொடுக்கும் திட்டத்தைக் கிண்டல் செய்து ஒரு கேலிச்சித்திரம் வந்தது. மனிதத் தலையும் கோடு போட்ட உடம்புமாகக் கோஃபர்கள் ரயில் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். கிண்டலுக்குப் போட்ட படம், பெயராகவே நின்றுவிட்டது. அங்குள்ள பல்கலைக்கழக விளையாட்டு அணிகளும் கோஃபர்கள்தான்.

சரி, எந்தப் பெயராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். கோஃபர் என்ற பெயருக்கு உரிய பிராணி வேறு ஒன்று இருக்கிறது. கன்னத்தில் பையோடு, பெரும்பாலும் மண்ணுக்கடியிலேயே வாழ்ந்து, மேலே மண்ணைக் குவியல் குவியலாகத் தள்ளிவைக்கும். விவசாயிகளுக்கு அதன்மேல் தீராத கோபம். மினசோட்டாவில் வயோலா என்ற சிற்றூரில், பிடித்த கோஃபர்களைக் கணக்கெடுப்பதற்கென்றே 1874 முதல் ஒரு திருவிழா நடக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் போனில் "கோஃபர் தொல்லை" என்று சொல்லிவைக்க, வந்த ஆள் சுரங்கத்துக்குள் வைக்கும் பொறியோடு வந்து இறங்கினார். மண்குவியலைத் தேடித் தேடி அலுத்துப்போய், வந்ததற்கான காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்குவின்னி குவியல் வைக்காது. தோண்டிய மண்ணைப் பரப்பிவிட்டு, புல்லுக்கு நடுவே இரண்டு அங்குல ஓட்டையை மட்டும் விட்டுவைக்கும். காலை விட்டவர்களுக்குத்தான் அது இருப்பது தெரியும்.

இத்தனைக்கும் அதைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டதே இந்த ஊர்க்காரர்கள்தான். அயோவாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஆளுயரப் புல்வெளி. இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஸ்குவின்னிக்கு வேண்டியதோ குட்டைப் புல். எழுந்து நின்றால் பருந்து வருகிறதா என்று தெரியவேண்டும். வாராவாரம் மெஷின் ஓட்டும் வீட்டுப் புல்தரை, கல்லறைத் தோட்டம், கோல்ஃப் மைதானம் என்று அதற்கு இப்போது இடத்துக்குப் பஞ்சமே இல்லை. புல்தரையைக் கெடுக்கிறது என்று திட்டுகிறவர்கள், அது வெட்டுக்கிளியையும் கம்பளிப்புழுவையும் தின்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்று. குளிர்காலத்தில் இது சேமித்த கொட்டைகளைச் சாப்பிட்டுக் காலம் தள்ளும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் சிப்மங்கின் வழக்கம். ஸ்குவின்னி இலையுதிர்காலத்தில் வளைக்குள் போனால் வசந்தம் வரை உடம்புக் கொழுப்பில்தான் காலம் ஓடும். நிமிஷத்துக்கு 200 தடவைக்கு மேல் துடிக்கும் இதயம் பத்துக்கும் கீழே இறங்கிவிடும். உடம்பு கிட்டத்தட்ட ஐஸ் தண்ணீரின் குளிர்ச்சிக்குப் போய்விடும். இடையிடையே சில மணி நேரம் சூடேறி விழித்து மறுபடி அடங்கும். மாதக்கணக்கில் அசையாமல் பட்டினி கிடந்தும் தசை அவ்வளவாகக் கரைவதில்லை. சிறுநீரில் யூரியாவாக வீணாகப் போகவேண்டிய நைட்ரஜனைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் மீட்டுக்கொடுக்க, உடம்பு அதைப் புரதம் செய்ய எடுத்துக்கொள்கிறது. விஸ்கான்சினில் செய்த ஆய்வு இது, 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வயதானவர்களின் தசைத் தேய்வுக்கும் விண்வெளிப் பயணத்துக்கும் இதிலிருந்து வழி கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் ஆசையோடுதான் படிப்போம்.

வரும் ஞாயிறு திருத்தம் போடும்போது நீளமான புத்தகப் பெயரோடு ஸ்குவின்னி என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இடம் இருந்தால் உண்மையான சிப்மங்க் படம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டெ மொய்ன் அருகில், அயோவா