முதலீட்டாளரே தலைவராகும்போது: இந்த வார உரையாடல்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சிறு தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் பெயர்பெற்ற முதலீட்டாளர் ஒருவர் பணம் போடுவதோடு நில்லாமல் இயக்குநர் குழுவின் தலைவராகவும் அமர்ந்தால் அங்கே என்ன மாறுகிறது என்பதைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

2003-இல் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் தொடங்கிய டெஸ்லாவை எடுத்துக்கொள்ளலாம். 2004 பிப்ரவரியில் திரட்டிய சுமார் 75 லட்சம் டாலரில் பெரும்பகுதியைத் தந்த ஈலோன் மஸ்க் அப்போதே தலைவரானார். நிறுவனத்தை அன்றாடம் நடத்தும் தலைமைச் செயல் அதிகாரியாக எபர்ஹார்டே தொடர்ந்தார். ஆனால் 2007-இல் அவர் அப்பதவியிலிருந்து விலக நேர்ந்தது. 2008-இல் மஸ்கே அங்கு அமர்ந்தார்.

தலைவர் அன்றாட வேலைகளைப் பார்ப்பவர் அல்லர் என்றாலும், செயல் அதிகாரியை நியமிப்பதும் நீக்குவதும் அவர் தலைமையேற்கும் குழுவின் கையில்தான் இருக்கிறது. முதலீட்டாளர் ஒருவர் தலைவராகிறார் என்ற அறிவிப்பு வந்தால் பலரும் வருபவரின் பெயரைப் பார்ப்பார்கள். நானோ பங்குதாரர் ஒப்பந்தத்தில் இயக்குநர் இடங்களையும் வாக்குரிமையையும் பற்றிய பத்தியைத்தான் (கிடைத்தால்) முதலில் தேடுவேன். நிறுவனர்களுக்கு எத்தனை இடம் மிஞ்சியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

உங்கள் கேள்விகளை உரையாடலுக்கு முன்பே இங்கே பதிவிடுங்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்ற கேள்விகளை மட்டும் தவிர்க்கவும்.