சரவிளக்கின் அளவைச் சொல்ல வேண்டியது மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இல்ல அலங்காரப் பக்கங்களில் வரும் சாப்பாட்டு அறைப் படங்களில் மேசைக்கு மேல் சரவிளக்கு ஒன்று தொங்குவதைப் பார்க்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசையின் அகலம், விளக்கின் விட்டம், மேசைக்கும் விளக்கின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்று அளவுகளும் படத்தின் கீழே இருப்பதில்லை. இவை தெரியாமல் படத்தை மட்டும் நம்பி வாங்கிய விளக்கு, வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகு அறையை அடைத்துக்கொண்டோ பொட்டு மாதிரியோ தெரியும். விளக்குப் பொருத்தும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், இனி அந்த மூன்று அளவுகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவை ஏன் முக்கியம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் கூட்டி, வந்த எண்ணை அங்குலமாக எடுத்துக்கொண்டால் அதுதான் விளக்கின் விட்டம். 12 அடிக்கு 14 அடி அறை என்றால் 26 அங்குலம், ஏறக்குறைய 66 செ.மீ. நடுவில் எதுவும் போடாத அறைக்கு இது பொருந்தும். சாப்பாட்டு அறையில் காலை வாரிவிடும். கூடமும் சாப்பாட்டு இடமும் தடுப்பில்லாமல் ஒன்றாக இருக்கும் வீட்டில் 14 அடியையும் 24 அடியையும் கூட்டினால் 38 அங்குலம் வருகிறது; அதாவது 96 செ.மீ. ஆறு பேர் உட்காரும் மேசையின் அகலமோ பெரும்பாலும் 90 செ.மீ. விளக்கு மேசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நாற்காலியை விட்டு எழுகிறவர் தலை அதில்தான் இடிக்கும்.

ஆகவே அறையை விட்டுவிட்டு மேசையை அளக்க வேண்டும். மேசை அகலத்தில் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் விட்டம் இருக்கட்டும். இரு பக்கமும் மேசை விளிம்புக்கு உள்ளே 15 செ.மீ.யாவது தள்ளி நிற்கட்டும். 90 செ.மீ. மேசைக்கு 45 முதல் 60 செ.மீ. வரை. 120 செ.மீ. வட்ட மேசைக்கு 60 முதல் 80 வரை. 240 செ.மீ. நீள மேசைக்கு ஒற்றை வட்ட விளக்கைப் போட்டால் நடுவில் இருப்பவர்கள் வெளிச்சத்திலும் இரு கோடியில் இருப்பவர்கள் இருட்டிலும் உட்காருவார்கள். அங்கே 120 முதல் 160 செ.மீ. நீளமுள்ள நீள்வடிவ விளக்கு வேண்டும். இல்லையென்றால் சிறிதாக இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் மேசை நுனியிலிருந்து 60 செ.மீ. உள்ளே தள்ளி மாட்டலாம். இழுத்து நீட்டும் மேசையாக இருந்தால் அது இரு பக்கமும் நீள்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நீண்டால், விருந்தாளிகள் வரும் நாளில் மேசையின் நடு வேறெங்கோ போய்விடும்.

உயரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 8 அடி உயர அறையில் விளக்கின் அடிப்பகுதி மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அறை உயரம் ஒவ்வோர் அடி கூடும்போதும் 7.5 செ.மீ. ஏற்றிக்கொள்ளலாம். காரணம் எளியது. உட்கார்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். 75 செ.மீ. உயர மேசைமேல் இன்னும் 75 செ.மீ. விட்டால் விளக்கு 150-இல் தொடங்கும். எதிரே இருப்பவர் முகம் மறையாது. அதற்கும் கீழே இறக்கினால் பல்பு கண்ணைக் குத்தும். மிகவும் ஏற்றிவிட்டால் விளக்கும் மேசையும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும்.

10 அடி, அதாவது 305 செ.மீ. உயர அறையை எடுத்துக்கொள்வோம். மேசைக்கு மேல் 97 செ.மீ. விட்டால் விளக்கின் அடி, தரையிலிருந்து 172 செ.மீ. மேலே மிஞ்சுவது 133. விளக்கின் உடல் 60 செ.மீ. என்றால் சங்கிலி, கொக்கி, மேலே வயர் இணைப்பை மறைக்கும் கிண்ணம் மூன்றுக்கும் சேர்த்து 73 செ.மீ. கிடைக்கும். இதே கணக்கை 8 அடி அறையில், 90 செ.மீ. உயரமுள்ள விளக்குக்குப் போட்டுப் பாருங்கள், இடமே இருக்காது. விட்டத்தை விசாரிக்கும் நாம் விளக்கின் உடல் உயரத்தை விசாரிக்க மறந்துவிடுகிறோம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அறை உயரத்தை அதன் அடிப்பரப்பிலிருந்தே அளக்க வேண்டும். சங்கிலியோ தண்டோ கான்கிரீட் வரை போக வேண்டியிருப்பதால் அந்த இடைவெளியைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஓர் அட்டையை அந்த விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, நூலில் கட்டி, கணக்கிட்ட உயரத்தில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். உட்கார்ந்தும் எழுந்தும் வாசலில் நின்றும் பார்த்தால் தெரிந்துவிடும். நாங்கள் அறிந்தவரை இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

இன்னொரு தொல்லை, மின்சாரப் பாயிண்ட் அறையின் நடுவில் இருப்பது. சுவரோரம் அலமாரி வந்ததும் மேசை நகர்ந்துவிடும். நாற்காலியை இழுத்து உட்கார மேசைக்குப் பின்னால் 90 செ.மீ. வேண்டும் அல்லவா? அதனால் அறைகலன் எல்லாம் இடம்பிடித்த பிறகு தூக்குக்குண்டை இறக்கி, மேசையின் நடுவுக்கு நேர் மேலே குறியிடுங்கள். பாயிண்டை அங்கே மாற்றுவதே நல்லது, அதுவும் வண்ணம் பூசுவதற்கு முன்பே. சங்கிலியை வளைத்து இன்னொரு கொக்கியில் மாட்டுவதும் உண்டு. அந்த இரண்டாவது கொக்கிதான் முழு எடையையும் தாங்கப்போகிறது என்பதை மறந்து, அதைப் பிளாஸ்டிக் பிளக்கில் திருகிவிடக் கூடாது.

எடைக்கு வருவோம். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை சரவிளக்கைத் தாங்காது. அதன் தகரச் சட்டமும் தாங்காது. கான்கிரீட் தளத்தில் துளையிட்டு, உலோக ஆங்கர் போல்ட் இறக்கி, அதிலிருந்து இரும்புத் தண்டோ சங்கிலியோ பலகையைக் கடந்து கீழே வர வேண்டும். துளைக்குள் தூசியை ஊதி எடுக்காமல் போல்ட்டை இறுக்கினால் பிடிப்பு குறையும். அன்று நின்றுவிடும், பின்னர் மெல்ல நழுவும். விளக்கின் தொங்கும் பாகங்கள் எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள்: விளக்குகளுக்கான ஐ.இ.சி. 60598 என்ற சர்வதேசத் தரநிலையின்படி விளக்கின் எடையைப்போல் நான்கு மடங்குச் சுமையை ஒரு மணி நேரம் ஏற்றிப் பார்க்கிறார்கள். கூரையில் இருக்கும் கொக்கிக்கும் அதே தாராளம் வேண்டும். 12 கிலோ விளக்கு என்றால் 48 கிலோ தாங்கும் கொக்கி. வயர் மின்சாரத்துக்கு மட்டுமே. ஒரு கிராம் எடையும் அதன்மேல் விழக் கூடாது. சங்கிலியைவிட வயர் சற்று நீளமாக, கண்ணிகளின் ஊடே தளர்வாக வர வேண்டும். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் வயர் கட்டாயம். எர்த் வயரைச் சேர்க்காமல் மடித்து உள்ளே திணிப்பதற்கு எந்த எலெக்ட்ரீஷியனையும் அனுமதிக்காதீர்கள்.

பக்கத்தில் மின்விசிறி இருந்தால், அதன் இறக்கைக்கு மேலாக விளக்கு அமையக் கூடாது. நிழல் தட்டில் படபடக்கும், உட்கார முடியாது.

இனி ஒளி. பல்புகள் மேல்நோக்கி நிற்கும் கிளை விளக்கில் வெளிச்சத்தின் பெரும்பகுதி கூரைக்குப் போகிறது. கூரை வெள்ளையாக இருந்தால் பாதிப்பில்லை, திரும்பி வரும். மரப்பலகை அடித்த கூரை அதை விழுங்கிவிடும்; அங்கே கீழ்நோக்கி ஒளி விழும் விளக்கே தேவை. பழைய 40 வாட் குண்டு பல்பு தந்த ஏறக்குறைய 450 லூமனை (லூமன் என்பது ஒளியின் அளவு) இன்று 4 முதல் 5 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஆறு பல்புகளில் 2,700 லூமன் கிடைக்கும். நடுத்தர அறைக்கு இது தாராளம், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால். ஒளியின் நிறம் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள்; மிஞ்சினால் 3000. 6500 கெல்வின் வெள்ளை ஒளி சாப்பாட்டு மேசைக்கு வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பொருள்களின் நிறத்தை ஒளி எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணை 90-க்கு மேல் கேளுங்கள். அந்த எண் எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி; அடர்சிவப்பு அதில் சேர்வதில்லை. அதற்கென்று ஆர்9 என்ற தனி எண் இருக்கிறது. 80 சி.ஆர்.ஐ. பல்பில் அது பூஜ்ஜியத்தை ஒட்டியும் இருக்கலாம். அப்போது பழத்தின் சிவப்பும், எதிரில் இருப்பவர் முகத்தின் உயிர்க்களையும் மங்கிப்போகும்.

டிம்மர் போட்டதும் விளக்கு மினுக்கினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். பழைய வகை டிம்மர்களில் பல, குறைந்தது 40 அல்லது 60 வாட் சுமையாவது இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நான்கு வாட் பல்பு ஆறு சேர்ந்தாலும் 24 வாட்தான். எல்.இ.டி.க்கென்று செய்த 'டிரெய்லிங் எட்ஜ்' டிம்மரும், 'டிம்மபிள்' என்று அச்சிட்ட பல்புகளும் சேர்ந்தே வர வேண்டும். ஆறும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும், மாதிரியும் மாறக் கூடாது. கலந்து போட்டால் ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசிக்கும். மின்விசிறி ரெகுலேட்டரை டிம்மராகப் பயன்படுத்தக் கூடாது. எல்.இ.டி. விளக்கோடு பிரிக்க முடியாமல் பதிந்திருக்கும் மாதிரிகளையும் தவிர்ப்பதே நல்லது. எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் செத்தால், அதே பாகம் கிடைக்காதபோது முழு விளக்கும் வீணாகும்.

படிகச் சரம் வைத்த விளக்குக்கு ஒரு சூட்சுமம். பால்போன்ற பல்பைப் போட்டால் படிகம் செத்துக் கிடக்கும். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வந்தால்தான் பட்டைகளில் தெறித்து நிறம் பிரியும். அதற்குத் தெளிந்த கண்ணாடி பல்பு வேண்டும். அது கூசாமல் இருக்கத்தான் டிம்மர். துணிக்கூடு போட்ட விளக்கு என்றால் பால் பல்பே சரி. படிகம் என்ற பெயரில் அக்ரிலிக்கும் விற்பனைக்கு வருகிறது. கையில் எடுத்தால் எடையே இராது, கண்ணாடியின் குளிர்ச்சியும் இராது. அது நாளடைவில் மஞ்சளிக்கும், தூசியையும் இழுக்கும். பித்தளை என்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஈரக்காற்று உள்ள இடத்தில் மூட்டுகளில் துரு கிளம்பும்.

துடைப்பதைப் பற்றியும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். நூறு சரங்களையும் யார், எந்த ஏணியில் ஏறித் துடைப்பார்? மெயினை அணைத்து, பல்புகள் ஆறிய பின், ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து துணியில் நனைத்துத் துடைக்கலாம். விளக்கின்மேல் நேராகத் தெளித்தால் ஹோல்டருக்குள் இறங்கிவிடும். ஏணியை நகர்த்தச் சோம்பி விளக்கைக் கையால் சுழற்றுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பல விளக்குகள் மேலே மறைவாக ஒரு திருகு மரையில்தான் நிற்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். நீங்கள் ஏணியைச் சுற்றி நகர்த்துங்கள், விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
விளக்குப் பொருத்தும் பணியில் உள்ள வாசகர்கள்