கடைசிக் காட்சிக்குப் பின் அரை நிமிட இருட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெஞ்சை உறையவைக்கும் இறுதிக் காட்சிகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் தேர்ந்தெடுத்த படங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் காட்சிகளின் வலிமை முழுவதும் எதிர்பாராத திருப்பத்தில்தான் இருக்கிறது என்பது போல அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் 31 ஆண்டுகள் திரையரங்கில் ஆபரேட்டராகப் பணியாற்றியவன். ஒரே முடிவை நாளுக்கு நான்கு தடவை, வாரக்கணக்கில், படம் ஓட்டும் அறையான கேபினின் துவாரத்தின் வழியாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: திருப்பம் முதல் தடவையோடு தன் வேலையை முடித்துக்கொண்டுவிடும்; உடல் சில்லிட்டுப்போகும் அந்த உணர்வோ, முடிவு தெரிந்த பிறகும் ஒவ்வொரு காட்சியிலும் வந்தது. அது பெரும்பாலும் திரை இருண்ட பிறகான சில நொடிகளில்தான் வந்தது. அந்த நொடிகளைத் திரையரங்குகளும், தொலைக்காட்சிகளும், இப்போது செயலிகளும் பார்வையாளரிடமிருந்து பறித்துக்கொண்டே வருவதைப் பற்றித்தான் இக்கடிதம்.

மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தை எங்கள் அரங்கில் திரையிட்டபோதுதான் இது எனக்கு முதலில் விளங்கியது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடியாகக் கொண்ட அந்தப் படத்தில், மனைவியையும் மற்றவர்களையும் ஈவிரக்கமின்றி வதைத்த சுந்தரவடிவேலுவை இறுதியில் ஊரார் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவனே ஆற்றில் இறங்கிச் சாகவேண்டும் என்பது அவர்கள் தீர்ப்பு. சுந்தரவடிவேலுவாக நடித்த விஜயனின் முகத்தில் அப்போது அச்சமோ ஆத்திரமோ இல்லை. தான் செய்த தவறுகளிலேயே பெரியது, அவர்கள் எல்லோரையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதுதான் என்று அவன் சொல்கிறான். பிறகு நீருக்குள் இறங்கிவிடுகிறான். அவனுடைய இரு குழந்தைகளும் கரையோரமாக ஓடுவதோடு படம் முடிகிறது.

கடைசி ரீலில் கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்ததுமே, கதை முடிந்துவிட்டது என்று எங்கள் வாயிற்காவலர் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிடுவார். பகல் காட்சியாக இருந்தால் வெயில் நேராகத் திரையில் விழும். விஜயனின் முகம் வெளுத்துப்போகும். முன் வரிசையினர் எழுந்து, இருக்கைக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்புகளைக் காலால் துழாவத் தொடங்குவார்கள். மடக்கு இருக்கைகள் பட் பட்டென்று மூடிக்கொள்ளும் ஓசையில் அந்த ஒரு வசனம் காணாமல் போகும். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவரைக் கேபினுக்கு அழைத்து, நான் மணி அடித்த பிறகே கதவுகளைத் திறக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். படம் முடிந்ததும் ஹால் விளக்குகளைப் போடாமல் மனத்திற்குள் முப்பது வரை எண்ணினேன். அடுத்த காட்சிக்கான கூட்டம் படிக்கட்டில் நின்றிருந்ததால் மேலாளர் கடிந்துகொண்டார். நான்கு நாட்களோடு அது நின்றுபோயிற்று.

அந்த நான்கு நாட்களில் துவாரத்தின் வழியே நான் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. இருட்டில் ஒருவரும் எழவில்லை. இவன் சாகமாட்டானா என்று இரண்டு மணி நேரமாக மனத்திற்குள் விரும்பிக்கொண்டிருந்த அந்த அரங்கமும், கரையில் நின்று அவன் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊரும் ஒன்றே என்பதும், அவன் சொன்ன வார்த்தை ஊராருக்கு மட்டுமன்றி நமக்கும் சேர்த்துத்தான் என்பதும் மெல்ல மெல்ல உறைப்பதற்கு அந்த முப்பது எண்ணிக்கை தேவைப்பட்டது. விளக்கு எரிந்துவிட்டால், பேருந்தைப் பற்றிய நினைப்பு வந்துவிடும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதையே எழுத்தில் கேட்டிருக்கிறார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்தபோது எனக்குக் கண்கலங்கியது. 'சைக்கோ' (1960) படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அவர் விதித்த நிபந்தனையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அரங்க உரிமையாளர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட அந்தக் கையேட்டில், படம் முடிந்ததும் திரைச்சீலையை மூடிவிட்டு அரை நிமிடம் அரங்கை முழு இருட்டில் வைத்திருக்கவேண்டும், அந்த முப்பது நொடிகளில்தான் படம் மனத்தில் பதியும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இது அவருடைய விளம்பர உத்திகளில் ஒன்று என்று சிலர் கூறக்கூடும். இறுதிக் காட்சியைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். மனநல மருத்துவர் ஒருவர் எல்லாவற்றையும் நீளமாக விளக்கி முடித்து, நாமும் அப்பாடா என்று சாய்ந்து உட்காரும் நேரத்தில், வெறும் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கொலைகளைச் செய்த நார்மன் தனியே அமர்ந்திருக்கிறான். கையில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது. அதை அவன் விரட்டவில்லை. இறந்துபோன தாயின் குரல் அவனுக்குள்ளிருந்து பேசுகிறது. மெல்லிய புன்னகை ஒன்று அரும்பும்போது அந்த முகத்தின் மேல் ஒரு மண்டையோட்டின் பற்கள் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைகின்றன; உடனே சேற்றிலிருந்து சங்கிலியால் கார் வெளியே இழுக்கப்படுகிறது. முன்னால் ஒருவர் எழுந்து நின்றால் போதும், அந்தப் பற்கள் நமக்குக் கிடைக்காமலே போய்விடும்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் இழப்பு இதைவிடப் பெரிது. ஆளில்லாத விடுதியைக் காக்க வந்து, இறுதியில் பனியில் உறைந்துகிடக்கும் ஜாக்கை விட்டுவிட்டு, கேமரா விடுதிச் சுவரில் தொங்கும் பழைய புகைப்படத்தை நோக்கி மெதுவாக நகர்கிறது. 1921 ஜூலை 4 நடன விருந்துப் படத்தில் அதே ஜாக் முன்வரிசையில் சிரித்தபடி நிற்கிறான். உறைந்த உடலுக்கும் இந்தப் புகைப்படத்திற்கும் நடுவே ஒரு மருத்துவமனைக் காட்சி முதலில் இருந்தது. படம் வெளியான பிறகு குப்ரிக்கே அதை வெட்டி எடுத்துவிட்டார். நல்ல வேளை என்றே நான் கருதுகிறேன். பழைய பாட்டு ஒன்று ஒலிக்க, படத்தில் பங்காற்றியவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கும். பாட்டு முடிந்ததும் கைதட்டலும், கூட்டம் ஒன்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முணுமுணுப்பும் கேட்கும். யாருமற்ற விடுதியில் விருந்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. படத்தின் ஆகக் குளிர்ந்த நொடி இதுதான் என்பது என் துணிபு. ஆயினும் இந்தக் கைதட்டலைக் கேட்டிராத ரசிகர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

சத்தத்தைப் போலவே அமைதியும் திட்டமிட்டு வைக்கப்படுவதுதான். வேற்றுக்கிரக உயிர்கள் மனிதர்களைப் போலவே உருவெடுத்து அவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கதையாக 1978இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில், நம்பி வந்து பெயர் சொல்லி அழைக்கும் தோழியை நோக்கி டொனால்ட் சதர்லேண்ட் விரல் நீட்டி மனிதக் குரலே அல்லாத ஓர் அலறலை எழுப்புகிறார்; அதன்பின் பெயர்கள் இசையே இல்லாமல் ஓடுகின்றன. நாகராஜ் மஞ்சுளேயின் 'சைராட்' (2016) படத்திலும் அப்படித்தான். சாதி மீறி மணந்த இணையரின் கொலையை நமக்குக் காட்டுவதில்லை. அண்டை வீட்டுப் பெண்ணோடு வெளியே போயிருந்த சின்னஞ்சிறு பிள்ளை வீடு திரும்பி, உள்ளே கிடக்கும் பெற்றோரைப் பார்க்கிறது, அழுகிறது, ஆனால் அந்த அழுகை நமக்குக் கேட்பதில்லை. அது தள்ளாடி வெளியே நடக்கையில் தரையில் சிவப்பாகப் பிஞ்சுக் காலடிகள் பதிகின்றன. படம் முழுவதும் பாட்டும் ஆட்டமுமாக ஊரையே எழுப்பிய இயக்குநர், அந்தச் சாதிக் கொலைக்கு முன்னால் ஒலியை முற்றிலுமாக அணைத்துவிடுகிறார். நான் ஓய்வுபெற்ற பின் அதைப் பார்த்த அரங்கில், பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள் விளக்குகள் எரிந்தன. பின்னாலிருந்து ஒருவர், ஸ்பீக்கர் போய்விட்டதா என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். இருட்டு இருந்திருந்தால் அந்த மௌனம் படத்தினுடையது என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

வீட்டிலாவது நிம்மதியாகப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அண்மையில் பேத்தியோடு அமர்ந்து, போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) படத்தை ஒரு செயலியில் பார்த்தேன். தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளைத் தழுவிய படம் அது. கொலைகாரனைப் பிடிக்க முடியாமல் காவல் துறையை விட்டே விலகிவிட்ட துப்பறிவாளர், பல ஆண்டுகள் கழித்து, முதல் உடல் கிடந்த வயலோரக் கால்வாய்க்குள் குனிந்து பார்க்கிறார். சில நாட்களுக்கு முன் வேறொருவரும் இப்படித்தான் வந்து பார்த்தார் என்கிறாள் அவ்வழியே வரும் சிறுமி. அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், சாதாரணமாகத்தான் இருந்தது என்கிறாள். துப்பறிவாளராக நடித்த சோங் காங்-ஹோ மெல்லத் திரும்பி, கேமராவுக்குள், அதாவது நமக்குள், கண்களைப் பதிக்கிறார். கொலைகாரன் அன்று அரங்கில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் வைக்கப்பட்ட பார்வை அது. 2019இல் மரபணுச் சோதனையின் வழியே அடையாளம் காணப்பட்டபோது, அந்த மனிதன் வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான். இதைப் பேத்திக்குச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், கறுத்த திரை ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, நகைச்சுவைப் படம் ஒன்றின் முன்னோட்டம் வண்ணவண்ணமாக ஓடத் தொடங்கிவிட்டது. என்ன தாத்தா, அவ்வளவுதானா என்று கேட்டாள். ரிமோட்டைத் தேடி எடுத்து, திரும்பப் பின்னோட்டி, அந்தக் கண்களை மறுபடி வரவழைத்தோம். ஆனால் இரண்டாவது முறை அவள் அந்தப் பார்வையைக் கவனிக்காமல், எப்போது சுருங்கும் என்று மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த காட்சிக்குக் கூட்டம் காத்திருக்கும், அரங்கைப் பெருக்கவேண்டும், முதியவர்கள் இருட்டில் படியிறங்க முடியாது என்ற நடைமுறைச் சிரமங்களை அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் நன்கு அறிவேன். படிகளின் ஓரத்துச் சிறு விளக்குகள் எரியட்டும். பெரிய விளக்குகளையும் கதவுகளையும் மட்டும் முப்பது நொடி தள்ளிப்போடலாம். செயலிகள் தாமாக அடுத்ததற்குத் தாவும் அமைப்பை, வேண்டுபவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி மாற்றலாம். தங்கள் இதழில் திரைவிமர்சனம் எழுதுபவர்கள், முடிவைச் சொல்லிவிடக்கூடாது என்று காட்டும் அதே அக்கறையோடு, இந்தப் படத்தின் பெயர்கள் ஓடி முடியும்வரை எழவேண்டாம் என்று தேவையான இடத்தில் ஒரு வரி சேர்த்தால் பேருதவியாக இருக்கும். 'தி ஷைனிங்' பற்றி எப்போதாவது எழுத நேர்ந்தால், அந்தக் கைதட்டலைப் பற்றி அவசியம் குறிப்பிடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர் ஒருவர்